ஆடு தின்ற வரிசை

பிப்ரவரி 2, வியாழன்

நாற்றங்காலுக்குள் ஆடு புகுந்துவிட்டது. காலை ஏழரைக்குப் போனால் கிழக்கு ஓரத்து வரிசை மொட்டையாக நிற்கிறது. இருபத்திரண்டு கன்றுகள். ஆடு ஓடக்கூட இல்லை. கடைசிக் கன்றின் கடைசி இலையை மென்றுகொண்டு, ஏதோ நான்தான் அதன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது போல என்னைப் பார்த்தது.

இந்த மரம் உலகத்திலேயே ஐந்துதான் மிஞ்சியிருக்கிறது. ஐந்தும் இந்தக் கென்யாக் கடற்கரையில், நாற்றங்காலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நிற்கின்றன. ஒன்றாம் எண்ணும் இரண்டாம் எண்ணும் காயாவுக்குள். காயா என்பது இந்த ஊராரின் முன்னோர் குடியிருந்த காடு, இப்போது கும்பிடுகிற காடு. மூன்று, நான்கு, ஐந்து மட்டும் காட்டுக்கு வெளியே, சுண்ணாம்புப் பாறை மேட்டில். அந்த மேட்டில் கல் வெட்ட ஒரு கம்பெனிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. மார்ச் முதல் தேதி மூன்று மரத்தையும் சாய்ப்பார்கள். 'இதே மரத்தின் முந்நூற்று நாற்பது கன்றுகள் நல்ல நிலையில் வளர்கின்றன' என்று ஒரு விதை நிபுணர் சான்றிதழ் கொடுத்ததால் கிடைத்த அனுமதி. அந்த விதை நிபுணர் நான்தான். நாகர்கோவிலில் ஓய்வு பெற்றுச் சும்மா இருக்க முடியாமல் இரண்டு வருட ஒப்பந்தத்தில் இங்கே வந்தவன்.

எனக்கும் அந்த ஏற்பாடு பிடிக்கவில்லைதான். திட்டத் தலைவி வைரிமு நைரோபியிலிருந்து போனில் மூன்று நாள் பேசினார். மேடு எப்படியும் போகப்போகிறது டாக்டர், மூன்று கிழட்டு மரத்துக்கு முந்நூற்று நாற்பது இளசு என்றால் நஷ்டமா என்றார். கையெழுத்துப் போட்டேன். கன்றுகள் இருக்கிற தைரியம்.

நாற்றங்கால் வேலையை நடத்துவது மெஜுமா. நாற்பது வயது இருக்கும். அவளுக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள். அவள் பேசுகிற சுவாஹிலி என் காதில் நாகர்கோவில் தமிழாகத்தான் விழுகிறது, அப்படியே எழுதிவிடுகிறேன். டாக்டர் என்பது மட்டும் இந்த ஊர் வாயில் டக்டாரி. நான் கன்றுகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டக்டாரி, இந்த மரத்த ஆடு தொடாது பாத்துக்கிடுங்க. கசக்கும்."

வேலி சரியில்லை என்றேன். நாளைக்கே முள்கம்பி வாங்க வேண்டும்.

பிப்ரவரி 3, வெள்ளி

முள்கம்பி வந்தது. பகல் முழுக்க வேலி. இரண்டு விரலில் கிழிசல். தண்ணீர்த் தொட்டியின் குழாய் வாஷரும் போய்விட்டது, துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.

பசித்த ஆடு எதையும் தின்னும். கோடை வேறு. நாங்கள் படிக்கிற காலத்தில் விடுதிப் பக்கம் ஒரு ஆடு சினிமா போஸ்டரையே தின்றது.

பிப்ரவரி 5, ஞாயிறு

ஓய்வு நாள். துணி துவைத்தேன். மதியம் மரச்சீனிக்கிழங்கு அவித்துத் தேங்காய்த் துவையலோடு சாப்பிட்டேன். தேங்காயும் மரச்சீனியும் உப்புக்காற்றும் இருப்பதால் இந்த ஊர் எனக்கு அன்னியமாகவே படுவதில்லை.

விதை எடுத்த நாளை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. எழுத ஒரு காரணமும் இல்லை, சும்மாதான்.

போன வருடம் ஜூன். காயாவுக்குள் போக வேண்டுமானால் பெரியவர் ஞாமாவியிடம் கேட்க வேண்டும். காட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களில் அவர் மூத்தவர். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே எந்த மரத்திலும் கை வைக்கக் கூடாது, சுள்ளி ஒடிக்கக் கூடாது, கனி பறிக்கக் கூடாது. காடு தானாகக் கீழே போட்டதை மட்டும், கேட்டு எடுத்துக்கொள்ளலாம். நான் அவர்கள் வழக்கத்தை மதிப்பவன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒன்றாம் எண் மரத்தடியில் விதை கொட்டிக் கிடந்தது. நானூறுக்கு மேல். சதை துளியும் இல்லாமல் கழுவித் துடைத்தது மாதிரி சுத்தமாகக் கிடந்தது. முப்பத்தோரு வருட வேலையில் அப்படி ஒரு குவியலை நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மரத்தை அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் வௌவால்கள் தொங்கின, பழம் எதுவும் தெரியவில்லை. பருவம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன்.

விதை கையில் வந்தால் முதலில் இரண்டு மூன்றை வெட்டி உள்ளே பார்க்க வேண்டும். நான் எத்தனையோ பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அன்று வெட்டவில்லை. உலகத்தில் ஐந்தே மரம் இருக்கையில் ஒரு விதையைக்கூட வெட்ட யாருக்கு மனசு வரும்? எல்லாவற்றையும் விதைத்தேன்.

பிப்ரவரி 6, திங்கள்

மழை இல்லை. இரண்டு வேளை தண்ணீர். மெஜுமா இன்று என்னோடு பேசவில்லை.

பிப்ரவரி 8, புதன்

மெஜுமாவோடு மேட்டுக்குப் போனேன். மூன்று மரத்திலும் இடுப்பு உயரத்தில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டிருக்கிறார்கள். நான்காம் எண்ணைக் கட்டிப்பிடித்தால் இரண்டு பேர் கை எட்டாது. பாறை இடுக்கில் வேரை விட்டுக்கொண்டு எத்தனை காலம் நின்றதோ. மூன்றிலும் பச்சைக் காய்கள் பிடித்திருக்கின்றன. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறைகூட இது நன்றாகக் காய்ப்பதில்லை என்று ஊரில் சொல்கிறார்கள்.

"இன்னும் ரெண்டு மூணு வாரத்துல பழுத்து விழும்," என்றாள் மெஜுமா. "விழுந்த மறுநாளே வௌவால் ஒண்ணையும் விட்டு வைக்காது. தூக்கிட்டுப் போயி வேற மரத்துல தொங்கிக்கிட்டுத் தின்னுட்டு, கொட்டைய அங்கன போட்டுரும்."

தாழ்ந்த கிளையில் ஓர் இலையைக் கிள்ளினேன். காம்பில் தெளிந்த நீர் கசிந்தது. புத்தகத்தில் இருக்கிறபடிதான். இந்த மரத்துக்கு ஒரு பங்காளி உண்டு. கரையோரம் எங்கே பார்த்தாலும் நிற்கும், கூரைக்குக் கழி வெட்டுவார்கள், விறகாகவும் எரிப்பார்கள். சின்ன வயதில் இரண்டும் ஒரே அச்சு. பங்காளியைக் கிள்ளினால் மட்டும் பால் வரும்.

"தோட்டத்துலயும் ஒண்ணக் கிள்ளிப் பாப்பமா டக்டாரி?"

வளர்கிற கன்றைக் காயப்படுத்தக் கூடாது என்றேன். அது உண்மைதான். வெயிலில் நடந்து தலைவலி.

பிப்ரவரி 9, வியாழன்

நாற்றங்காலுக்குப் போகவில்லை. காலாண்டு அறிக்கை வேலை இருந்தது. நான்கு வரி எழுதினேன்.

பிப்ரவரி 11, சனி

என் மேஜையில் யாரோ ஓர் இலையை வைத்திருந்தார்கள். காம்பு முனையில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மேஜையைத் துடைக்கச் சொன்னேன்.

மனைவி உமையாள் போன் பண்ணினாள். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டதாம். "என்ன, குரலு ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். வேலி கட்டினேன், அதுதான் என்றேன்.

"வேலி கட்டுனா குரலா போவும்?"

அவளிடம் எதையும் மறைக்க முடியாது என்று முப்பது வருடமாகத் தெரியும். இருந்தும் முயற்சி செய்கிறேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை நாற்றங்காலில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் போனேன். முதல் வரிசையில் ஒரு இலையைக் கிள்ளினேன். பால். அடுத்த கன்று, பால். அதற்கடுத்தது. இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை, நிழல்வலைக்கு அடியில் இருந்த கடைசி வரிசை. கை முழுக்கப் பிசுபிசுத்துவிட்டது. முந்நூற்றுப் பதினெட்டையும் கிள்ளினேன். ஒன்றாவது தண்ணீராகக் கசியாதா என்று கடைசிவரை பார்த்தேன்.

எல்லாம் பங்காளி. எட்டு மாதமாகப் பூவாளியில் தண்ணீர் ஊற்றி, எறும்பு வராமல் சாம்பல் தூவி, குழந்தை மாதிரி வளர்த்தது கூரைக்கழி மரத்தை. வௌவால் எங்கேயோ தின்ற பழத்தின் கொட்டையை ஒன்றாம் எண் மரத்தடியில் துப்பியிருக்கிறது, நான் அதைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறேன். ஆட்டுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

உரக்கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியது வேறு. இரண்டாம் தேதியே எனக்குத் தெரியும்.

மார்ச் ஒன்றுக்கு இன்னும் பதினேழு நாள்.

பிப்ரவரி 13, திங்கள்

வைரிமுவுக்கு எழுதவில்லை. போன் சிக்னல் சரியில்லை. மதியம் நன்றாக இருந்தது, அப்போது அவர் கூட்டத்தில் இருப்பார்.

இலை கிள்ளின கன்றுகளை மெஜுமா பார்த்துவிட்டாள். எல்லாக் கன்றிலும் ஒவ்வொரு இலை இல்லை. வழக்கம் போலத் தண்ணீர் ஊற்றினாள்.

பிப்ரவரி 14, செவ்வாய்

கம்பெனி ஆட்கள் மேட்டுக்கு ஒரு லாரிப் பாதையைச் சரி செய்கிறார்கள். சத்தம் இங்கே கேட்கிறது.

பிப்ரவரி 15, புதன்

வைரிமுவிடம் சொன்னேன். போனில்தான். சொல்லி முடித்ததும் லைன் போய்விட்டதோ என்று ஹலோ சொன்னேன்.

"இருக்கேன் டாக்டர்," என்றார். "இத எப்படிச் சொல்றோம்கிறதுதான் விஷயம்."

அவர் சொன்னது இது. விதை எடுத்த இடமே தவறு என்றால், நிபுணரின் வேலையே தவறு. நிபுணரை வைத்துத்தான் நிதி வந்தது. மூன்று வருட அறிக்கையையும் தூக்கிக் குப்பையில் போடுவார்கள், திட்டத்தை மூடுவார்கள். நாற்றங்காலில் கன்றுப் பைகளின் பெயர் அட்டையை மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்றால், அது வேலையாள் செய்த சின்னப் பிசகு. எப்படிச் சொன்னாலும் கன்று அந்த மரம் இல்லை என்பது ஒன்றுதான். சான்றிதழ் ரத்து, வெட்டுக்குத் தடை. மரம் பிழைக்கும்.

"மரத்தைத்தானே காப்பாத்தணும் டாக்டர்? அதுக்குத்தானே வந்தீங்க?"

ஆமாம் என்றேன். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அட்டை கட்டியது பெண்கள்தான். நான் கட்டச் சொன்னபடி கட்டினார்கள்.

பிப்ரவரி 16, வியாழன்

அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குக் கடிதம் போய்விட்டது. வாசகம் அவருடையது, கையெழுத்து மட்டும் என்னுடையது.

பிப்ரவரி 18, சனி

தடை வந்துவிட்டது. மறு உத்தரவு வரும்வரை மேட்டில் எந்த மரத்தையும் தொடக் கூடாது என்று அந்த அனுமதி அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்து, மூன்று மரத்திலும் காகிதம் ஒட்டிவிட்டுப் போனார். நான்காம் எண்ணுக்குக் கீழே நின்று காய்களைப் பார்த்தேன். நுனியில் மஞ்சள் ஏறுகிறது. பல நாளைக்குப் பிறகு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

மெஜுமாவை வேலைக்கு வர வேண்டாம் என்று வைரிமுவின் அலுவலகம் சொல்லிவிட்டது. விசாரணை முடியும்வரைதான். புதிதாகத் தண்ணீர் ஊற்றுகிற பெண் பூவாளியை மிக உயரத்தில் பிடிக்கிறாள், மண் தெறிக்கிறது.

பிப்ரவரி 19, ஞாயிறு

உமையாளிடம் ஆட்டைப் பற்றி மெஜுமா சொன்னதையும் தடை வந்ததையும் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். பிறகு, "அந்த மெஜுமா சொல்லிக்கிட்டே இருந்தாளே ஆட்டப் பத்தி, அவளுக்குத்தான் மொதல்ல நன்றி சொல்லணும் நீங்க. சொன்னியளா?" என்றாள்.

கிணற்றைத் தூர் வார ஆள் கிடைத்ததா என்று கேட்டேன்.

பிப்ரவரி 20, திங்கள்

பெரியவர் ஞாமாவி வீட்டுக்கு வந்தார். எழுபது தாண்டியவர், சைக்கிளில் வந்தார். நாற்காலி கொடுத்தால் உட்காராமல், நின்றபடியே பேசினார்.

மேட்டில் பழம் விழத் தொடங்க மூன்று நாள்தான் இருக்கிறது. மரத்துக்கு அடியில் வலை கட்ட வேண்டும், பகலில் குரங்குக்கும் மாலையில் வௌவாலுக்கும் காவல் இருக்க வேண்டும். இருபது பேராவது தேவை. நான் ஊரில் ஆள் கேட்டு அனுப்பியிருந்தேன். அதற்குத்தான் பதில் கொண்டுவந்திருந்தார்.

"ஆள் வராது டக்டாரி. காட்டுல கேட்டு வாங்கின விதையில பொய் கலந்துட்டுன்னு உங்க கடுதாசியே சொல்லுது. செஞ்ச ஆளு வாசல்ல நின்னு, தான் செஞ்சதத் தன் வாயால சொல்லணும். சொல்லுற வரைக்கும் எங்க ஊருல ஒருத்தரும் ஒரு விதையத் தொட மாட்டோம். அந்த வீட்டுக்காரங்க யாரும் காட்டுக்குள்ள போவ முடியாது. அவங்க வீட்டுல ஒரு சாவுன்னாலும் நாங்க வரமாட்டோம்."

"மெஜுமா என்ன சொல்கிறாள்?"

"செய்யாதத எப்படிச் சொல்லுகதுன்னு கேக்கா."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் டீ போடுகிறேன் என்று உள்ளே போனேன். வெளியே வந்தபோது சைக்கிள் போய்விட்டிருந்தது.

பிப்ரவரி 21, செவ்வாய்

தனியாக மேட்டுக்குப் போய் நான்காம் எண்ணுக்கு அடியில் ஒரு வலையைக் கட்டப் பார்த்தேன். ஒரு முனையைக் கட்டினால் மறு முனை பாறையில் சரிகிறது. மூன்று மணி நேரம் போராடினேன். ஒரு பழம் விழுந்திருந்தது, பாதி தின்றபடி, கொட்டை இல்லாமல்.

நைரோபி வழியாகத் திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் என்ன விலை என்று பார்த்தேன். சும்மா பார்த்தேன்.

வைரிமுவுக்குப் போன் செய்து ஊரார் சொன்னதைச் சொன்னேன். அது அவர்கள் சடங்கு டாக்டர், அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது, அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கிறது.

பிப்ரவரி 22, புதன்

மதியம் மெஜுமா வந்தாள். வாசலிலேயே நின்றாள். நான் உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். திட்டினால் கேட்டுக்கொள்ளலாம், கொஞ்சம் பாரம் குறையும்.

அவள் திட்டவில்லை.

"மேட்டுப் பக்கமா வந்தேன் டக்டாரி. அஞ்சாம் மரத்துல மொத்தமும் மஞ்சளாயிட்டு. நாளைக்குக் காத்து அடிச்சா எல்லாம் கீழ கெடக்கும்."

"பார்த்தேன்."

"இந்த மரம் இனிமே எப்ப காய்க்குமோ. அந்தத் தடையும் எத்தன நாளைக்கோ."

"ஆமாம்."

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். விரல்களில் முள்கம்பிக் கிழிசல் ஆறி வடுவாகியிருக்கிறது.

"நாளைக்கு வாசல்ல எல்லாரும் கூடுகாங்க. நான் செஞ்சேன்னு நான் சொல்லட்டுமா?"

இப்படிக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குரலில் கோபம் இல்லை. குத்திக்காட்டுகிற தொனியும் இல்லை. நாளைக்கு உரம் வைக்கட்டுமா என்று கேட்கிற அதே குரல்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை. உன் இஷ்டம் என்றுகூடச் சொல்லவில்லை. தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. ஆட்டியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. ஏனென்றால் அவள் "சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 23, வியாழன்

இரண்டாவது கடிதம் மதியம் போய்விட்டது. இந்த முறை வாசகமும் என்னுடையது. நாலே வரி. விதை எடுத்தது நான், வெட்டிப் பார்க்காமல் விதைத்தது நான், அட்டை எதுவும் மாறவில்லை, முதல் கடிதம் பொய். தடைக்கு ஆபத்து இல்லை, கன்று அந்த மரம் இல்லை என்பது இதிலும் மாறவில்லை. ஒரு மணி நேரத்தில் வைரிமு கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் எனக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள். வேறெந்தத் திட்டத்திலும் இனி என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதையும் பக்குவமாகச் சொன்னார். உமையாளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "வாங்க," என்றாள்.

இதைப் படித்தால் நான் ஏதோ யோக்கியன் மாதிரி இருக்கிறது. காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காயா வாசலில் அறுபது எழுபது பேர் கூடியிருந்தார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். ஞாமாவி கறுப்புத் துணி உடுத்து ஒரு வேரின் மேல் உட்கார்ந்திருந்தார். நாற்றங்கால் பெண்கள் பன்னிரண்டு பேரும் ஒரு பக்கமாக நின்றார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். அங்கே போகும்போது பேச வேண்டும் என்ற முடிவோடு போனேனா என்று கேட்டால், இல்லை. பார்க்கத்தான் போனேன்.

ஞாமாவி காட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் ஏதோ முணுமுணுத்தார். பிறகு யார் செய்தது என்று கேட்டார்.

மெஜுமா முன்னால் போனாள். கையில் ஒரு கோழி வைத்திருந்தாள், அபராதம். தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிறபடி சொன்னாள்.

"காடு குடுத்த விதையில நான் பொய் கலந்துட்டேன். அட்டைய மாத்திக் கட்டுனது நான். வேற யாருக்கும் இதுல பங்கு இல்ல. என் வீட்டுக்கும் என் கூட வேல செஞ்சவங்களுக்கும் இதுல பங்கு இல்ல. நான் மட்டுந்தான்."

அவள் முதல் வார்த்தை பேசும்போதே நான் நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது வரியில் நிறுத்தியிருக்கலாம். 'வேற யாருக்கும் பங்கு இல்ல' என்றபோது என் பக்கம் திரும்பாமல் இருக்க அவள் கழுத்தை எவ்வளவு விறைப்பாக வைத்திருந்தாள் என்று பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. கோழியை ஞாமாவியிடம் நீட்டும்வரை திறக்கவில்லை. அவ்வளவு தூரம் அவளைப் போகவிட்டேன். இதை எழுதத்தான் இன்று இந்த நோட்டை எடுத்தேன்.

ஞாமாவி கோழியை வாங்கக் கை நீட்டியபோது என் குரல் எனக்கே கேட்டது.

"மெஜுமா சொன்னது பொய். விதை எடுத்தது நான். வௌவால் போட்ட கொட்டையை இந்த மரத்தின் விதை என்று நினைத்தேன். ஆடு தின்ற அன்றே சந்தேகம் வந்துவிட்டது, சொல்லவில்லை. பயந்துபோய் இவர் தலையில் போட்டுவிட்டேன்."

என் சுவாஹிலி அவ்வளவு நன்றாக இருக்காது. இருந்தும் எல்லோருக்கும் புரிந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. நாற்றங்கால் பெண்களில் ஒருத்தி திரும்பி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். அடித்திருந்தால் தேவலை.

ஞாமாவி நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். மெஜுமாவைத்தான் பார்த்தார். காட்டு வாசலில் ஒருத்தி தான் செய்யாததைச் செய்தேன் என்று சொன்னது அவருக்கு என் குற்றத்தைவிடப் பெரிதாகப் பட்டிருக்க வேண்டும்.

"செய்யாதத எப்படிச் சொல்லுகதுன்னு என்கிட்ட நீதான கேட்ட? இப்ப எதுக்கும்மா சொன்ன?"

மெஜுமா கோழியை இன்னும் கையில்தான் வைத்திருந்தாள். அவளும் என்னைப் பார்க்கவில்லை. மேட்டுப் பக்கம் காற்று எழும்பியிருந்தது.

"பழம் விழுந்துக்கிட்டு இருக்கு பெரியவரே," என்றாள். "யாராவது சொல்லணும்லா."